நோயாளி எண்: ஈச்சங்குழி-2

“குடும்பத்தார் மறுப்பு. குடும்பத்தார் மறுப்பு. மறுபடியும் குடும்பத்தார் மறுப்பு,” என்று படித்துக்கொண்டே வந்தார் அந்த அதிகாரி. “ஏழு மாசத்துல அறுபத்தொண்ணு. ஏன் சிஸ்டர், உங்க ஜனங்களுக்கு வைத்தியம்னா அவ்வளவு ஆகாதா?”

“பயம் சார்,” என்றாள் ஜெபக்கனி.

“எதுக்குப் பயம்?”

“ஆகாசத்துல போறதுக்கு.”

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பெயர் புருஷோத்தமன். சமநேரத் திட்டத்தில் விழிப்புணர்வுப் பிரிவின் துணை இயக்குநர். சென்னையிலிருந்து ஈச்சங்குழி எஸ்டேட்டுக்கு முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருந்தார். அவரோடு கிளம்பிய தெருநாடகக் குழு பத்தொன்பதாவது வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

எஸ்டேட் மருந்தகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒரே நர்ஸ் ஜெபக்கனிதான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அதனால் சொல்கிற பொய்யைச் சின்னதாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

“நாடகம் வர்ற வரைக்கும் நானே தொழிலாளிங்ககிட்ட பேசிடறேன்,” என்றார் அவர். “உங்ககிட்ட ஒருதரம் சொல்லிப் பாக்கறேன், புரியுதான்னு சொல்லுங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டா பக்கவாதம். நாலரை மணி நேரத்துக்குள்ள மருந்து ஏத்தணும். மலையில இருந்து கீழ வர்றதுக்குள்ள அந்த நேரம் போயிடும். அதுக்குத்தான் காலர். கழுத்துல பூட்டினா மூளையைக் குளிர வெச்சு அதோட கடிகாரத்தைப் பன்னண்டு மடங்கு மெதுவாக்கிடும். நாலரை மணி நேரம் அம்பத்திநாலு மணி நேரம் ஆயிடும். அதுக்குள்ள பறக்கும் வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடும். எப்படி?”

“நல்லா புரியுது சார்.”

“நோயாளிங்க வரிசையைக் கம்ப்யூட்டரே பாத்துக்குது. ஏழை பணக்காரன் கிடையாது, மலை, கீழ்நாடுன்னு கிடையாது. யாருக்கு நேரம் குறைச்சலா இருக்கோ அவங்க முன்னால. இதைவிட நியாயம் உண்டா?”

“கிடையவே கிடையாது சார்.”

அவள் கிண்டல் செய்யவில்லை. அந்த நியாயத்தில் ஓட்டை எங்கே என்று அவளுக்கும் முதலில் தெரியவில்லை. சுடலைமாடன் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

சுடலைமாடன் ஃபாக்டரியில் தேயிலை வாட்டுகிறவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாய் கோணி விழுந்தார். ஏழேகாலுக்கு ஜெபக்கனி காலரைப் பூட்டிவிட்டாள். திட்டம் வந்து அதுதான் முதல் காலர். திரையில் ‘ஈச்சங்குழி-1’ என்று பதிவானது. அவருக்கு முன்னால் ஆறே பேர்.

மத்தியானம் பார்த்தால் முன்னால் ஒன்பது பேர். சாயங்காலம் பதினொன்று.

கீழே பட்டணத்தில் ஒருவர் விழுந்தால் அவருக்குக் காலர் கிடையாது, தேவையும் இல்லை. அவருடைய கடிகாரம் முழு வேகத்தில் ஓடும். அதனால் அவர் வரிசைக்குள் வரும்போதே சுடலைமாடனைத் தாண்டிக்கொண்டுதான் வருவார். இவரிடம்தான் ஐம்பது மணி நேரம் இருக்கிறதே. இருக்கிறவன் காத்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் மருந்தகக் கட்டிலில் மூச்சுவிடும் மரக்கட்டை மாதிரி படுத்திருந்தார். புதன் பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. மருந்து ஏறும்போது ஐம்பத்து மூன்றரை மணி. திட்டத்தின் அறிக்கையில், ‘உரிய நேரத்துக்குள் சிகிச்சை, நூற்றுக்கு நூறு.’

சுடலைமாடன் நடந்துதான் திரும்பி வந்தார். ஆனால் பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்தது.

“வலிக்குதா அண்ணாச்சி?”

“சரி.”

“சாப்பிட்டீங்களா?”

“சரி.”

திட்டத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, சிகிச்சை திருப்தியாக இருந்ததா என்று அவரிடமே கேட்டாள். “சரி,” என்றார். அதுவும் அறிக்கையில் ஏறியது.

அவர் மனைவி வெயிலுகந்தாள் இலை பறிக்கிறவள். லைன் வீடுகளில் தண்ணீர்க் குழாயடியில் நியாயம் தீர்க்கிறவளும் அவளே. எல்லோருக்கும் வெயிலு. ஜெபக்கனிக்கு மட்டும் மதினி. சொந்தமில்லை, இரண்டு பேரும் தென்காசிப் பக்கம் என்பதால் வந்த உறவு. அவள் ஒருநாள் மருந்தகத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி ஜெபா, ஒண்ணு கேக்கேன். கீழ உள்ளவனுக்கு மருந்து எம்புட்டு நேரத்துல ஏறுது?”

“நாப்பது நிமிஷத்துல.”

“எங்க வீட்டு ஆளுக்கு?”

“காலர் கணக்குப்படி நாலரை மணிக்கு ரெண்டு மூணு நிமிஷம் குறைச்சல்.”

“ரெண்டும் ஒண்ணா?”

“காகிதத்துல ஒண்ணு மதினி. மூளைக்கு ஒண்ணு இல்ல. நேரம் போகப் போக உள்ள ஒவ்வொண்ணா அணைஞ்சிக்கிட்டே வரும்.”

“அப்ப காலரைப் பூட்டாம விட்டுட்டா நாமளும் அவசரக்காரன் ஆயிருவோம்லா?”

“காலர் பூட்டாட்டி மலைக்காரங்களுக்குப் பதிவே விழாது.”

வெயிலு அலமாரியில் இருந்த காலரைக் காட்டினாள். “பூட்டுன காலர், எந்தக் கழுத்துல இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நாடி துடிக்கணும், சூடு இருக்கணும். படம் கிடம் எல்லாம் வண்டியிலதான் எடுப்பாங்க.”

“அப்ப குடம் போட்டுர வேண்டியதுதான்.”

லைன் வீடுகளில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். யாரும் குழாயடியில் காத்துக் கிடக்க மாட்டார்கள். முந்தின நாளே காலிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு இலை பறிக்கப் போய்விடுவார்கள். குடம் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்து நிற்கும். தேவைப்படுகிறவர் தேவைப்படுகிற நேரத்தில் வந்து பிடித்துக்கொள்வார். குடம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இடம்தான் முக்கியம்.

“நோயாளி இல்லாம வரிசையில நிக்கச் சொல்லுதீங்களா? ஆள் யாரு படுப்பா ரெண்டு நாளு?” என்றாள் ஜெபக்கனி.

“ஆள் எதுக்குட்டி? எங்க வீட்டுல டீச்சர் சும்மாத்தான இருக்கா.”

டீச்சர் என்பது வெயிலு வளர்த்த வெள்ளாடு. யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்பதுபோல் பார்க்கும்.

ஜெபக்கனி மூன்று நாள் முடியாது என்று சொன்னாள். நான்காம் நாள் ஆடு மருந்தகத்தின் பின்னால் கட்டியிருந்தது. எஸ்டேட்டுக்கு இருந்த இரண்டு காலரில் ஒன்று அதன் கழுத்தில் ஏறியது. காலரின் எண்படி ‘ஈச்சங்குழி-2’ என்று திரையில் விழுந்தது. டீச்சர் அரைத் தூக்கத்தில் அசைபோட்டபடி வரிசையில் நின்றாள். ஐம்பது மணி தாண்டி முன்னுக்கு வந்ததும், வண்டி கிளம்புவதற்குள் ஜெபக்கனி ரத்து செய்வாள். ரத்துக்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: இறப்பு, தவறான அறிகுறி, குடும்பத்தார் மறுப்பு. ஆடு சாகவில்லை. தவறான அறிகுறி என்று போட்டால் நர்ஸுக்குப் பயிற்சி என்று கீழே கூப்பிடுவார்கள். அதனால் மூன்றாவது. மறுபடி பூட்டு, மறுபடி கடைசியிலிருந்து.

அந்த ஏழு மாதத்தில் எஸ்டேட்டில் ஒருவருக்கும் பக்கவாதம் வரவில்லை. குடம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

“ரத்துக்கு இருக்கற மூணு காரணத்துல,” என்றார் புருஷோத்தமன், “மத்த மலைங்களும் இதே மூணாவதுதான். பூதமலை, தொட்டிமலை, நரிப்பாறை, எல்லாம். மலைன்னாலே பிடிவாதம் போல.”

அப்போதுதான் எடை போடுகிற ஞானையா கீழே இலைக் கொட்டகையிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“சிஸ்டர், வெயிலுக்கு என்னமோ ஆயிப்போச்சு.”

“விழுந்துட்டாளா?”

“விழல. சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சேன். ஒண்ணும் சொல்லல.”

ஜெபக்கனி எழுந்துவிட்டாள். “ஒண்ணுமே சொல்லலையா?”

“மூணு கிலோ கழிச்சுப் பாத்தேன். அப்பவும் சும்மா நிக்கா. வாய் ஒரு பக்கமா இழுக்குது.”

“பொம்பளையளைப் படங்கோட தூக்கிட்டு வரச் சொல்லுங்க. ஓடுங்க.”

இலை கொட்டும் படங்குச் சாக்கில் வெயிலுவைக் கிடத்தி, ஆறு பெண்கள் மேட்டில் ஏறி வந்தார்கள். சுடலைமாடன் பின்னாலேயே வந்தார். வெயிலுவின் வலது கை துவண்டு தொங்கியது. கண் மட்டும் ஜெபக்கனியைப் பிடித்துக்கொண்டது.

“மதினி, என் பேரு சொல்லுங்க.”

வெயிலு உதட்டைக் கூட்டினாள். “ஜெ...” என்று வந்தது. மிச்சம் வரவில்லை.

“காலர் எங்க? பூட்டுங்க சிஸ்டர்,” என்றார் புருஷோத்தமன். அலமாரியில் இருந்த காலரை அவரே எடுத்து நீட்டினார். அது எஸ்டேட்டின் மற்றொரு காலர். அதைப் பூட்டினால் வெயிலு கடைசி ஆள். சுடலைமாடன் மாதிரி இரண்டரை நாள். இரண்டரை நாளுக்குப் பிறகு ஒரு வீட்டில் இரண்டு பேர் சரி, சரி என்று சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

டீச்சருக்கு அன்று ஐம்பத்திரண்டு மணி ஆகியிருந்தது. வரிசையில் மூன்றாவது. ஆனால் அதிகாரி வருகிறார் என்று ஆட்டை, கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் கட்டி, கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தாள் ஜெபக்கனி. காலரைக் கழற்றினால் வேர்வை துடைக்க ஐந்து நிமிஷம்தான் அவகாசம். அதற்குள் வேறு நாடியில் பூட்டாவிட்டால் பதிவு அழிந்துவிடும். மேடேறவே அதற்கு மேல் ஆகும், ஆகவே காலரை இங்கே கொண்டுவர முடியாது. ஆட்டைத்தான் கொண்டுவர வேண்டும். பெண்கள் ஆறு பேரும் வெயிலுவைச் சுமந்த களைப்பில் நின்றார்கள். ஞானையாவுக்கு இடுப்பு சரியில்லை.

“சார், அந்தப் பிள்ளை மடுவத்துக்குப் பின்னால ஒரு ஆடு நிக்கும். தூக்கிட்டு வாங்க.”

“என்னது?”

“அது நடக்காது சார், அரைத் தூக்கத்துல இருக்கும். தூக்கணும்.”

“ஆடு எதுக்கு சிஸ்டர் இப்ப?”

“அப்புறம் சொல்லுதேன். மொதல்ல தூக்குங்க.”

அவர் ஏன் போனார் என்பது அவருக்கே தெரியாது. துணை இயக்குநர் ஆனதிலிருந்து அவருக்கு யாரும் அப்படிக் கட்டளை போட்டதில்லை. முப்பது கிலோ ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறி வந்தார். வழியில் துண்டு அவிழ்ந்து விழுந்துவிட்டது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த காலரைப் பார்த்தபடியே வந்தார்.

“சிஸ்டர், இது அரசாங்கச் சொத்து.”

“ஆமா சார். கால் பக்கம் பிடிங்க, உதைக்கும்.”

கழற்றினாள். டீச்சர் தலையை உதறிவிட்டு, இந்த வகுப்பில் யார் பேசியது என்பதுபோல் சுற்றிப் பார்த்தாள். காலர் வெயிலுவின் கழுத்தில் ஏறியது. பூட்டு விழுந்தது. திரை ஒருதரம் மங்கித் தெளிந்தது. ஈச்சங்குழி-2. மூன்றாமிடம். வெயிலுவின் கண்கள் மெல்ல மூடின.

“அந்த அறுபத்தொண்ணும்...” என்றார் புருஷோத்தமன்.

“அம்புட்டும் டீச்சர்தான் சார்.”

“நாடி?”

“ஆட்டு நாடியும் மனுஷ நாடியும் ஏறக்குறைய ஒண்ணு. மாட்டுக்கும் பாத்தோம், ஒத்துவரல.”

அவர் கையில் இருந்த கருவியை எடுத்தார். முகம் இறுகியிருந்தது. “இதை நான் ரத்து பண்ணியாகணும். வரிசைன்னா ஒரு ஒழுங்கு வேணும் சிஸ்டர். இவங்களுக்குப் பின்னால நிக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

பின்னால் நான்காமிடத்தில் பூதமலை-1 என்று இருந்ததை ஜெபக்கனியும் பார்த்திருந்தாள்.

“பண்ணுங்க சார். காரணம் என்ன போடுவீங்க?”

அவர் பட்டியலைத் திறந்தார். வெயிலு சாகவில்லை. அறிகுறி தவறில்லை, கண்முன்னே வாய் கோணிக் கிடக்கிறாள். மூன்றாவதன்மேல் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவங்க வீட்டுக்காரர் யாரு?”

பெண்கள் விலகினார்கள். சுடலைமாடன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, உங்க மனைவியைக் கீழ அனுப்பி வைத்தியம் பாக்க உங்களுக்குச் சம்மதமா?”

“சரி,” என்றார் சுடலைமாடன்.

“இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேணாம்னு நினைச்சீங்கன்னா...”

“சரி.”

“அதாவது வேணாமா?”

“சரி, சரி, சரி,” என்றார் சுடலைமாடன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆடியது.

புருஷோத்தமன் விரலை எடுத்துவிட்டார். “எப்போல இருந்து இப்படி?”

“உங்க நூத்துக்கு நூறுல இவரு ஒருத்தரு சார்,” என்றாள் ஜெபக்கனி.

திரையில் பட்டணத்துக்காரர் ஒருவர் உள்ளே புகுந்தார். வெயிலு நான்காமிடம். ஒருவரை வண்டி எடுத்தது. மூன்றாமிடம். இன்னொருவர். இரண்டாமிடம். முதலிடத்தில் தொட்டிமலை-1 நின்றது. நின்றுகொண்டே இருந்தது. காலரின் ஐம்பத்துநான்கு மணி முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி. அது தாண்டினால் கம்ப்யூட்டரே பெயரை எடுத்துவிடும்.

அப்போது தொட்டிமலை-1 அழிந்தது. பக்கத்தில் எழுத்து வந்தது: குடும்பத்தார் மறுப்பு.

“பாத்தீங்களா,” என்றார் புருஷோத்தமன் பழக்கத்தில், “விழிப்புணர்வே இல்ல...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சரும் அவரைப் பார்த்தாள்.

“சிஸ்டர். அதுவுமா?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? நாங்க யாருகிட்டயும் சொல்லல.”

“அங்கயும் ஆடா?”

“பன்னியா இருக்கலாம். தொட்டிமலைல ஆடு கம்மி.”

வண்டி பன்னிரண்டு நிமிஷத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. வெயிலுவை ஏற்றினார்கள். சுடலைமாடனும் ஏறிக்கொண்டார். ஆகாசத்துக்குப் பயந்தவர்போல் தெரியவில்லை.

வாய் இழுத்து ஒன்றரை மணி நேரம். அதிலும் பெரும்பகுதி காலருக்குள். வெயிலுவின் மூளைக்கு அது அரை மணி நேரம்கூட இல்லை.

வண்டி மறைந்த பிறகு அதிகாரி மருந்தகப் படிக்கட்டில் உட்கார்ந்தார். தோளில் ஆட்டு மயிர் ஒட்டியிருந்தது. கருவியில் ஒவ்வொரு மலையாக, ஒவ்வொரு மாதமாக எண்ணிக்கொண்டே போனார்.

“இந்த நிமிஷம் மலை வரிசையில முப்பத்தெட்டுப் பேர். நிஜ ஆளு ஏழு இருந்தா அதிகம்.”

“எழுதுங்க சார். தப்பு என்மேலதான். மதினி மேல இல்ல.”

“எழுதினா என்ன ஆகும் தெரியுமா? மலையில பக்கவாதம் ரொம்பக் குறைச்சல்னு ஆகும். ஏழு பேருக்கு எதுக்கு இத்தனை காலர்னு இருக்கறதையும் எடுத்துடுவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “முப்பத்தெட்டுன்னே எழுதினா...”

“எழுதினா?”

“மாசத்துக்கு முப்பது நோயாளிக்கு மேல வந்தா அங்கயே ஒரு சிகிச்சை அறை வைக்கலாம்னு விதி இருக்கு. படம் எடுக்கற மெஷின், மருந்து, ரெண்டு டெக்னீசியன், வீடியோவுல டாக்டர். இது வரைக்கும் மலையில யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்ல.”

“பதிவு விழாம சாகற ஆளு எண்ணிக்கையில வராதே சார்.”

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் தெருநாடகக் குழு வந்து சேர்ந்தது. பக்கவாதம் வந்தவர் மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற நாடகம். எஸ்டேட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் எழுதிய அறிக்கை பிறகு ஜெபக்கனியின் கைக்கும் ஒரு நகல் வந்தது. ‘மலைப்பகுதிகளில் நோயாளிகளின் எண்ணிக்கை கவலை தரும் அளவில் உள்ளது. வான்வழிப் பயணத்தில் மக்களுக்கு உள்ள அச்சத்தால் கடைசி நேர மறுப்புகள் நிகழ்கின்றன. எனவே சிகிச்சையை மலைக்கே கொண்டுசெல்லப் பரிந்துரைக்கப்படுகிறது.’

வெயிலு ஒன்பதாம் நாள் வந்தாள். வலது கை சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மரத்திருந்தது. வந்த அன்றே இலைக் கொட்டகைக்குப் போய், அன்றைக்குக் கழித்த மூன்று கிலோவைப் பற்றி ஞானையாவிடம் அரை மணி நேரம் பேசினாள். ஞானையா சந்தோஷமாகத் திட்டு வாங்கினார்.

“ஏட்டி ஜெபா,” என்றாள் பிறகு, “எனக்குப் பின்னால யாரு நின்னா?”

“பூதமலை.”

“ஆடா, ஆளா?”

“தெரியாது மதினி.”

“போன் போட்டுக் கேளேன்.”

நம்பர் ஜெபக்கனியிடம் இருந்தது. இரண்டு தரம் எடுத்தாள். இரண்டு தரமும் வைத்துவிட்டாள். இன்றுவரை கேட்கவில்லை.

பதினான்கு மாதத்தில் அறை வந்தது. மருந்தகத்தை ஒட்டி, வெள்ளைச் சுவர், பெயர்ப் பலகை. சுற்றியுள்ள மூன்று மலைக்கும் அதுதான். முதல் வருடத்தில் நிஜமாக விழுந்தவர்கள் நாற்பத்தொரு பேர். பூதமலையிலிருந்து வந்தவர்களை ஜெபக்கனி தானே முன்னால் நின்று இறக்குவாள். எல்லோருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியது. காலர்கள் அலமாரிக்குப் போயின. ஒன்றைத் தவிர.

மாதக் கடைசியில் சென்னையிலிருந்து போன் வரும்.

“சிஸ்டர், இந்த மாசம் இருபத்தெட்டுதான் காட்டுது.”

“மழை சார். கொட்டகையை விட்டு ஒண்ணும் வெளிய வரமாட்டேங்குது.”

“முப்பதுக்குக் குறைஞ்சா அறையை மூடணும்னு விதி. மூணு மலைக்கும் அந்த ஒரு அறைதான். தணிக்கை வேற வருது.”

“மூட விட்டுருவோமா சார்? டீச்சர் போன மாசம் ரெண்டு குட்டி போட்டிருக்கு.”

அந்தப் பக்கம் துணை இயக்குநர் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“கழுத்து எப்படி இருக்கு?”

“சிறுசுதான் சார்,” என்றாள் ஜெபக்கனி. “பட்டையில ஒரு ஓட்டை கூடப் போட்டா நிக்கும்.”